கேஸ் இல்லாத காப்பி

நவம்பர் 1, சனி

இந்த நோட்டை என் மகன் ஜெகதீசன் வாங்கிக் கொடுத்துவிட்டு இப்போதுதான் ஓசூர் பஸ் ஏறினான். பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடித்த நோட்டு. "நம்பர் எதுக்குடா?" என்றேன். "கடையில இதுதாம்மா இருந்துச்சு" என்றான். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். கிழித்தால் தெரியட்டும் என்றுதான் பார்த்து வாங்கியிருக்கிறான் என்று கண்டுபிடிக்க அஞ்சாவது போதும்.

நடந்தது இதுதான். தீபாவளி முடிந்த நாலாம் நாள் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன் அறையில் உட்கார்ந்து பூ கட்டினேன். பால் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சர் கதவை இடித்து, "அக்கா! அக்கா!" என்று தெருவையே கூட்டிவிட்டார். பாத்திரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அவர் எல்லாரிடமும் சொல்வது அதிகப்படி. அடி கறுத்தது, பிடி உருகியது, அவ்வளவுதான். பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் போனால் நானே எழுந்து பார்த்திருப்பேன்.

இதற்கு மகன் ஓசூரிலிருந்து லீவு போட்டு ஓடி வந்தான். வந்தவன் முதலில் சொன்னது, "வீட்டைப் பூட்டு, என்கூட வா."

"போடியில எனக்கு வீடு இருக்கு, பென்சன் இருக்கு. உன் மாடி வீட்டுல பொம்மை மாதிரி உக்கார நான் எதுக்கு?"

"தீப்பிடிச்சிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"பிடிக்கலேல்ல?"

இப்படியே இரண்டு நாள் பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு மாதம் தவணை. மதியச் சமையலுக்கு மட்டும் கேஸ். அதுவும் அடுப்புப் பக்கத்திலேயே நின்று செய்ய வேண்டும். காப்பிக்குக் கேஸ் கிடையாது. ஒரு நாளைக்கு நாலு தடவை காப்பி போடுகிறேனாம், அதுதான் ஆபத்தாம். கரண்டு அடுப்பு ஒன்றும் தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் ஒன்றும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் நடந்ததை எழுத வேண்டும். முப்பதாம் தேதி வந்து படிப்பான். சரியாக இருந்தால் நான் இங்கே. இல்லையென்றால் ஓசூர்.

எழுதிவிட்டால் போயிற்று. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

மாத்திரை இரண்டு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. கேஸ் மூடினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கெட்டில் தண்ணீரைப் பித்தளை ஃபில்டரில் ஊற்றி டிகாக்‌ஷன் இறக்கினேன். கரண்டு அடுப்பு பித்தளையையும் ஏற்காது, அலுமினியத்தையும் ஏற்காது. அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால்தான் சூடாகிறது. மாப்பிள்ளை முறுக்கு.

காப்பி நன்றாக இல்லை. கசப்பு இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, காப்பியைக் காணோம். கரண்டில் காய்ந்த தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

நாலு மணிக்கு டீச்சர் வந்தார். முப்பது வருஷமாக என் நாலு மணிக் காப்பிக்கு வருகிறவர். குடித்துவிட்டு, "இன்னும் அரை டம்ளர் இருக்காக்கா?" என்றார். மரியாதைக்குக் கேட்டிருப்பார்.

சோறு, பருப்பு. கேஸ் மூடினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

குறை ஃபில்டரில் இருக்கும் என்று நேற்று எவர்சில்வர் ஃபில்டரை எடுத்தேன். அதே கதை. அப்படியானால் பொடிதான். இன்று கடைக்குப் போய்க் கேட்டேன்.

"முக்கால் பங்கு கொட்டை, கால் பங்கு சிக்கரின்னு சொல்லித்தானே அரைச்சு வாங்குறேன்? என்னத்தைக் கலந்த? ஒரு மணமும் இல்லை."

கடைக்காரர் சிரிக்கிறார். "ஆத்தா, இப்ப ஒரு ஈடு வறுத்து இறக்கிருக்கேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மணக்குது. உங்களுக்கு மணக்கலையா?"

வியாபாரி வாய். எங்கள் ஊர் மலையில் காப்பி விளைகிறது. போடிக்காரியிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல்! இருந்தாலும் அந்தப் புதுப் பொடியிலேயே அரைக் கிலோ வாங்கி வந்தேன்.

மாத்திரை இரண்டு. கேஸ் மூடினேன்.

நவம்பர் 6, வியாழன்

மல்லிகையும் கெட்டுவிட்டது. சாமி படத்துக்கு ஒரு முழம் வாங்கினேன். பேருக்குத்தான் பூ. மருந்தடித்து வளர்த்தால் எங்கிருந்து மணக்கும்? பூக்காரியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

புரட்டாசிக் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து எந்தப் பொருளுமே சரியாக வருவதில்லை. ஊர் கெட்டுக்கொண்டு வருகிறது.

கேஸ் மூடினேன்.

நவம்பர் 8, சனி

உட்கார முடியவில்லை. காலையிலிருந்து அடுக்களை டப்பா எல்லாவற்றையும் இறக்கி விளக்கினேன். கட்டிப் பெருங்காயம் தீர்ந்து ஒரு டப்பா சும்மா கிடந்தது. மூடி நல்ல இறுக்கம், காற்றுப் புகாது. காப்பிப் பொடியின் மணம் போகாமல் இருக்க அதுதான் சரி. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, வெயிலில் காய வைத்து, புதுப் பொடியை அதில் கொட்டி வைத்தேன்.

நாளைக்குத் துணியில் வடிகட்டிப் பார்க்கலாம்.

தக்காளி ரசம், அப்பளம். கேஸ் மூடினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மல் துணியில் பை தைத்து, பொடியைப் போட்டு, கொதி தண்ணீரை மேலே ஊற்றிச் சொட்டச் சொட்ட இறக்கினேன். நிறம் பிரமாதம்.

டீச்சர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "தொண்டை கொஞ்சம் சரியில்லக்கா. வீட்டுக்குக் கொண்டுபோய் மெதுவா குடிச்சுக்கிறேன்" என்று டம்ளரோடு போனார். போன சுருக்கில் அவர் வீட்டு வாஷ்பேசினில் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இது அவருக்கும் தெரியும்.

நவம்பர் 10, திங்கள்

டீச்சர் வந்தார். தண்ணீர் மட்டும் குடித்தார்.

நவம்பர் 12, புதன்

தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதென்று பிளம்பர் வந்தார். வேலை முடிந்ததும் காப்பி கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு ரொம்பப் பணிவாகக் கேட்கிறார்: "வாயுவுக்கு நல்லதுங்களாம்மா இது? எங்க ஆச்சி இப்பிடித்தான் கசாயம் வச்சுத் தருவாங்க."

கசாயமாம்!

முழுதையும் குடித்தார். பாவம், மருந்து என்று நினைத்துக் குடித்தார்.

துணி சரிப்படாது. திரும்பப் பித்தளை ஃபில்டர். பொடியை ஒரு கரண்டி கூட்டினேன். கேஸ் மூடினேன்.

நவம்பர் 13, வியாழன்

ஜெகதீசன் போன் பண்ணினான்.

"காப்பி எப்பிடிம்மா போகுது?"

"அமோகம்."

"டீச்சர் வர்றாங்களா?"

"வராம எங்க போவாங்க?"

வருகிறார்தான். டாக்டர் காப்பியை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நாலு மணிக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றை மறுபடி அலமாரியில் கவிழ்த்தேன். முப்பது வருஷத்தில் இது முதல் தடவை.

நவம்பர் 14, வெள்ளி

எழுதக் கூடாததை எழுதுகிறேன். உடனடிக் காப்பித் தூள் பாக்கெட் வாங்கினேன். நம் தெருக் கடையில் வாங்கவில்லை. ரெண்டு தெரு தள்ளிப் போய், முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தூள் வாசல்படி ஏறியதில்லை.

பாக்கெட்டைக் கிழித்துச் சூடான பாலில் போட்டுக் கலக்கினேன். டீச்சரிடம், "இது லேசான காப்பிதான், டாக்டர் ஒண்ணும் சொல்லமாட்டார், சும்மா நனைச்சுப் பாருங்க" என்றேன். முதலில் மூக்குப் பக்கம் கொண்டுபோனார். பிறகு மடமடவென்று குடித்தார். டம்ளரின் அடியில் இருந்த நுரையைக்கூட விடவில்லை.

"இன்னைக்குத்தான்க்கா காப்பி மாதிரி இருக்கு."

முப்பது வருஷம் என் கைக் காப்பி குடித்த வாய்! எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எனக்கு அதுவும் இதுவும் ஒன்றாகத்தான் இருந்தது. நாக்குக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

பேத்தி தாரிணி மதுரைக் காலேஜிலிருந்து வந்தாள். ஜெகதீசனின் மகள். உளவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளை கையில் ஒரு பெட்டி. உள்ளே கண்ணாடி ஜாடி. மூடியிலிருந்து ஒரு கம்பி இறங்குகிறது, கம்பியின் நுனியில் வட்டச் சல்லடை.

"அப்பத்தா, இதுக்குக் கேஸும் வேணாம், ஃபில்டரும் வேணாம். பொடியைப் போடு, கெட்டில் தண்ணிய ஊத்து, நாலு நிமிஷம் விடு, மேல இருந்து அமுக்கு. பொடி கீழ போயிரும், டிகாக்‌ஷன் மேல நிக்கும்."

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்குடி."

"அடிச்சுப் பாரேன்."

அமுக்கினேன். பொடி தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இறங்குகிறது. கைக்கு அது பிடித்திருந்தது. பாலைச் சேர்த்து ஆற்றி அவளிடம் கொடுத்தேன்.

குடித்தாள். கண்ணை மூடினாள். மெதுவாக விழுங்கினாள்.

"அப்பத்தா, காப்பியில ரசம் வாசம் வருது."

"உன் புது ஜாடி வாசமா இருக்கும்."

"கண்ணாடிக்கு ஏது வாசம்?" அடுக்களைக்குப் போய்ப் பொடி டப்பாவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் தலையைப் பின்னால் இழுத்தாள். "ஐயோ! இது பெருங்காய டப்பா! இதுலயா காப்பிப் பொடியக் கொட்டி வச்சிருக்க?"

"ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்."

"பத்து தடவை கழுவினாலும் பெருங்காயம் போகுமா? வாசல் வரைக்கும் வருது! உனக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? சரி, போனாப் போகுதுன்னு விட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். முகம் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாருக்குமே கண் பெரிது, அந்தக் கண் உற்றுப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அலமாரிப் பக்கம் போனாள், என்னமோ எடுத்தாள், கையை மூடிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கையில என்ன? மோந்து பாத்துச் சொல்லு."

சின்னப் பிள்ளையில் இப்படி விளையாடுவாள். நன்றாக இழுத்து மோந்தேன். ஏலக்காய் டப்பா இருக்கிற தட்டுப் பக்கம்தான் அவள் கை போயிற்று, அதை நான் பார்த்துவிட்டேன்.

"ஏலக்காய். நம்ம ஊர் ஏலக்காயைத் தெரியாமப் போகுமா?"

கையைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. வெறுங்கை.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எத்தனை நாளா அப்பத்தா?"

"ஜலதோஷம்."

"அப்பாகிட்ட..."

"உங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொன்ன, இனி இந்த வாசப்படி ஏறாத."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது, "நான் சொல்லமாட்டேன் அப்பத்தா. நீ சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள். ஜாடியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

நவம்பர் 17, திங்கள்

அரைக் கிலோப் பொடியையும் குப்பையில் கொட்டினேன். டப்பாவையும் போட்டேன். புதுப் பொடி வாங்கி வேறு டப்பாவில் வைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஜலதோஷம் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தேன். பினாயில், இல்லை. வேப்பெண்ணெய், இல்லை. வெங்காயம், கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. சூடத்தைக் கையில் வைத்துக் கசக்கினேன். மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி ஏறியது, மணம் இல்லை. புதுச் சோப்புக்கட்டியைப் பிரித்தேன். அதுவும் இல்லை.

என் சேலை வாடை அடிக்கிறதா என்றும் தெரியவில்லை. இன்று இரண்டு தடவை குளித்தேன்.

சாம்பார். கேஸ் மூடினேன்.

நவம்பர் 20, வியாழன்

பிரஷர் மாத்திரை வாங்க டாக்டரிடம் போனேன். சும்மா ஒரு பேச்சுக்கு, "என் சிநேகிதி ஒருத்திக்குக் காய்ச்சலுக்குப் பிறகு மணமே தெரியலையாம்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தாமல், "சில பேருக்கு வரும்மா. மாசக் கணக்குல திரும்பி வரலாம். வராமலே இருந்தாலும் இருக்கலாம். உங்க சிநேகிதிக்கு வயசு என்ன?" என்றார்.

"என் வயசுதான்."

"தனியா இருக்காங்களா?"

"ஆமா."

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "கேஸ் அடுப்புகிட்ட ரொம்பக் கவனமா இருக்கச் சொல்லுங்க. லீக் ஆனாத் தெரியாது."

வரும் வழியெல்லாம் அந்த டாக்டர் மேல் கோபம். கேஸ் நாற்றம் பிணத்துக்குக்கூடத் தெரியும். அது காப்பி மணம் மாதிரி மென்மையான சங்கதியா?

நவம்பர் 22, சனி

கேஸ் மூடினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று எழுதியது பொய் இல்லை. மூடினேன். எப்போது மூடினேன் என்று எழுதவில்லை.

மதியம் சமைக்கப் போனபோது டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சோதித்துப் பார்த்துவிடலாமென்று பற்றவைக்காமல் அடுப்பைத் திறந்தேன். குனிந்து மூக்கைக் கிட்டத்தில் வைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்து வந்தது. ஒன்றும் இல்லை. இருபது. இரண்டாவது அடுப்பையும் திறந்தேன். ஒன்றும் இல்லை.

அப்போது என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? சிலிண்டர் காலி. அதனால்தான் வாடை இல்லை. போன மாதக் கடைசியில் மாற்றிய சிலிண்டர் அதற்குள் எப்படித் தீரும் என்று ஏஜென்சிக்காரனைத் திட்டிக்கொண்டே, தீர்ந்துதான் போயிற்றா என்று பார்க்க லைட்டரைக் கையில் எடுத்தேன்.

எடுத்துவிட்டேன். கட்டை விரல் அதன் மேல் இருந்தது.

"அக்கா! கேஸ் வாடை! எதையும் பத்தவைக்காதீங்க! அக்கா!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் கத்துகிறார். செங்கல் சுவருக்கு அப்பால் இருக்கிற அவருக்கு வந்துவிட்டது. அடுப்புமேல் குனிந்து நிற்கிற எனக்கு வரவில்லை.

லைட்டரை மெதுவாகக் கீழே வைத்தேன். இரண்டு அடுப்பையும் மூடினேன். சிலிண்டரையும் மூடினேன். அதற்குள் டீச்சர் புறவாசல் வழியாக ஓடி வந்து ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்தார். சுவிட்சைத் தொட விடவில்லை. என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார வைத்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது, முட்டி வலி. எப்படி ஓடி வந்தார் என்று தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியவே இல்லையா?" என்றார்.

"இல்லை."

"பால் தீஞ்ச அன்னிக்கு?"

"அன்னிக்கும் இல்லை. புகை கண்ணுல பட்டப்பதான் தெரிஞ்சுச்சு."

மூன்று வாரமாக நான் எழுதாததை ஒரே வாயில் சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்தப் பெருங்காயக் காப்பி..."

"ஏன் டீச்சர் சொல்லலை? முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்றது? டம்ளரை நீட்டிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்க. பரீட்சை எழுதிட்டுப் பேப்பர் திருத்துறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற பிள்ளை மாதிரி."

சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

"ஜெகதீசனுக்குப் போன் போடவா?"

"அவன் முப்பதாம் தேதி வர்றான். நோட்டுல எழுதியிருக்கும்."

நேற்று சமைக்கவில்லை. டீச்சர் வீட்டிலிருந்து உப்புமா வந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

எழுதியாகிவிட்டது. இப்போது தூக்கம் போயிற்று. நேற்றுக் கடைத்தெருவில் இதே நோட்டைப் பார்த்தேன், இதே அட்டை, இதே நம்பர். வாங்கி வந்துவிட்டேன்.

இன்று காலை உட்கார்ந்து, வேண்டாததை விட்டுவிட்டு, முதல் தேதியிலிருந்து புது நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நாலாம் தேதி வரை வந்தது. திருப்பிப் பார்த்தால் கையெழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. என் கையெழுத்தே இல்லை. இதைப் போய் நான் எழுதியது என்று கொடுப்பதா?

அந்தத் தாள்களைக் கிழித்து இட்லித் தட்டைத் துடைத்தேன். மிச்ச நோட்டு பால் கணக்குக்கு ஆகும்.

நவம்பர் 27, வியாழன்

அஞ்சு நாளாகக் கேஸைத் தொடவில்லை. சோறு, குழம்பு எல்லாம் கரண்டு அடுப்பில். கருவாட்டுக் குழம்புகூட வைத்துவிட்டேன். மணந்ததா என்று டீச்சரைக் கேட்டேன். "தெருவுக்கே மணக்குது" என்றார். கடைக்காரர் அதையே சொன்னபோது திட்டினேன். இவரை நம்புகிறேன்.

காப்பிக்குக் கண்ணாடி ஜாடி என்று முடிவு பண்ணிவிட்டேன். பித்தளை ஃபில்டரில் இறக்கும்போது எப்போது நிறுத்துவது, இறங்கிய டிகாக்‌ஷன் எப்படி என்று சொன்னதெல்லாம் மணம்தான். கண்ணோ கடிகாரமோ இல்லை. இப்போதுதான் தெரிகிறது. ஜாடிக்கு அது வேண்டாம். மூன்று கரண்டி பொடி, கோடு வரை தண்ணீர், கடிகாரத்தில் நாலு நிமிஷம், அமுக்கு. பால் பொங்கி வருவதைக் கண் பார்த்துக்கொள்ளும். நேரம் வைத்தால் கரண்டு அடுப்பு தானாக அணைந்துவிடும்.

முதல் வாய் டீச்சருக்கு. நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, சுவரைப் பார்க்க வேண்டும். அவர் உள்ளதைச் சொல்ல வேண்டும். இது ஒப்பந்தம்.

"இன்னைக்குத் தண்ணி ஜாஸ்தி" என்றார் செவ்வாய்க்கிழமை.

"பொடி புதுசுதான், ஆனா பால் கொஞ்சம் அடி பிடிச்ச வாடை" என்றார் நேற்று.

இன்று ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது டம்ளர் கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் கொஞ்சம் சிந்திவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

தாரிணிக்கு நானே போன் பண்ணினேன். "வாசப்படி ஏறாதன்னு சொன்னது வாய் தவறிச் சொன்னதுடி" என்றேன்.

"தெரியும் அப்பத்தா. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"லைட்டர் வரைக்கும்."

"என்ன லைட்டர்?" என்றாள். அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன்.

நவம்பர் 29, சனி

நாளைக்கு வருகிறான். திண்டுக்கல் வந்ததும் போன் பண்ணுவானாம். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். டீச்சர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எனக்காகவா ஜெபம் பண்றீங்க?" என்றேன். "உங்களுக்கு நான் ஜெபம் பண்ணி முடியாது, உங்க மகனுக்குத்தான்" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

பத்தரைக்கு வந்தான். நான் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் சிரித்தான். பிளம்பராக இருக்கும். பிறகு ரொம்ப நேரம் பக்கம் திரும்பவே இல்லை.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"லைட்டரைக் கையில எடுத்தியாம்மா?"

"எடுத்தேன்."

"இதை எழுதாம விட்டிருக்கலாம்ல? எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரியாம நீ என்னைய இங்க விட்டுட்டுப் போனா அது எனக்கு வேணாம்."

அவன் சிலிண்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்குமுன் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாலு நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வார்த்தை.

"ஜெகதீசா, கேஸ் அடுப்பை எடுத்துட்டுப் போ. என்னைய விட்டுட்டுப் போ."

"மூக்கே இல்லாம எப்பிடிம்மா இருப்ப? பால் கெட்டுப்போனா?"

"திரிஞ்சாக் கண்ணுக்குத் தெரியும்."

"சோறு ஊசிப்போனா?"

"மிச்சம் வைக்கமாட்டேன்."

"எதாவது தீப்பிடிச்சா?"

"தீப்பிடிக்கிறதைத்தான்டா எடுத்துட்டுப் போகச் சொல்றேன்."

டீச்சர் புறவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கவே இல்லாதவர் மாதிரி உள்ளே வந்து, "தம்பி, என் மூக்கு நல்லா இருக்கு. நடுவுல ஒரு சுவர்தான்" என்றார்.

அவன் குனிந்து ரெகுலேட்டரைக் கழற்றினான். சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்ப் புறவாசலில் நிறுத்தினான். நாளைக்கு ஏஜென்சியிலிருந்து வந்து எடுத்துக்கொள்வார்கள். அடுப்பைத் துணியில் கட்டினான். மேடை பெரிதாகிவிட்டது. ஒரு நிமிஷம் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நான்தான் எடுத்துப் போகச் சொன்னேன், பிடிக்கவில்லை.

பிறகு ஜாடியில் காப்பி போட்டுக் கொடுத்தேன். மூவரும் குடித்தோம்.

"தை வரைக்கும் இரு. அப்பறம் பாப்போம்" என்றான்.

"எந்த வருஷத்துத் தை?"

டீச்சருக்குப் புரையேறிவிட்டது. அவன் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. போகும்போது நோட்டை என்னிடமே கொடுத்தான். "இனிமே எனக்காக எழுத வேணாம்மா."

அதனால் இதைப் படிக்க இனி ஆள் இல்லை. ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

மகன் இன்று எல்லாம் கேட்டான், காப்பி உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். சூடாக இருக்கிறது. இனிப்பாக இருக்கிறது. அதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் வரலாம் என்றும் சொன்னார், வராமலும் இருக்கலாம் என்றும் சொன்னார். பன்னிரண்டு நாளாக, பல் விளக்கும் முன்பே, பொடி டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். எழுதவில்லை, அவ்வளவுதான். இன்று காலையிலும் பார்த்தேன். இல்லை.

நாளைக்கும் பார்ப்பேன்.